சம்பந்தி வீட்டு ஓக் மரம்

4 மார்ச் 2007, ஞாயிறு

இன்று மண்டி கிடையாது. காலையில் குடையைக் கொண்டுபோய் ஓக் மரத்துக்குப் பக்கத்தில் ஊன்றி அளந்து பார்த்தேன். குடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. போன மாதமும் இதே இடத்தில்தான் நின்றது. இருக்கட்டும். நான் விசாரித்த வரையில், மலைமேல் இல்லாமல் தரையில் ஓக் மரம் வைத்திருப்பவர்கள் இந்தியாவிலேயே இரண்டு பேர். ஒருவர் விருதுநகர் மிளகாய் வத்தல் தரகர் முகம்மது யூசுப், அதாவது நான். இன்னொருவர் பெயரை எழுதப் பேனா வரவில்லை.

எழுதித்தானே ஆகணும். சிவகாசி சாபிர். பட்டாசுக்கு லேபிள் அடிக்கிற அச்சாபீஸ். என் தங்கச்சி மகன் ரியாஸுக்கு மாமனார்.

ரியாஸை வளர்த்தது நான். அவனுக்கு நாலு வயதாகும்போது அத்தா, அவனைப் பெத்த தகப்பனார், மவுத்தானார். தங்கச்சி அவனைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். பிறகு அவளும் போய்விட்டாள். எனக்கும் பல்கீஸுக்கும் வேறு பிள்ளை இல்லை. இப்போது ஸ்பெயினில் பெரிய ஓட்டலில் மேனேஜர் மாதிரி இருக்கிறான். காய்கறி நறுக்குகிறான் என்று பல்கீஸ் சொல்லுவாள். அவளுக்கு நிர்வாகம் தெரியாது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கடைசியில் லீவில் வந்தபோது சட்டைப்பையில் இரண்டு ஓக் கொட்டை கொண்டுவந்தான். பாக்கைவிடக் கொஞ்சம் நீளம், தலையில் குல்லா. “பொறக்கும்போதே தொப்பி போட்டிருக்கு, இது நம்ம ஆளுதான்” என்றேன். வீடே சிரித்தது. சாபிர் மட்டும் பல் தெரியாமல் சிரித்தார். ஒரு கொட்டை எனக்கு, ஒன்று அவருக்கு. வருஷம் பூராவும் இலை உதிராத மரமாம்.

எனக்குக் கொடுத்தது சரி. அவருக்கு எதற்கு?

7 மார்ச்

காலையில் இரண்டு குடம், சாயங்காலம் இரண்டு குடம். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் ஒரு செம்பு. நேற்று ரியாஸ் போனில் சொன்னான்: “அங்கன சுண்ணாம்புப் பாறையில வளருது மாமு. தண்ணி ரொம்ப ஊத்தாதீக.” குளிரில் உட்கார்ந்துகொண்டு விருதுநகர் வெயிலுக்கு யோசனை சொல்கிறான். பிள்ளைதானே.

18 மார்ச், ஞாயிறு

சிவகாசி போனோம். ரியாஸின் மகள் தஹ்மீனாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. பிள்ளை எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தது. ரியாஸ் சம்சாரம் ஹாஃபிஸா பிரசவத்துக்கு அத்தா வீட்டுக்குப் போனவள், பிள்ளைக்கு மூன்று வயதாகியும் அங்கேதான் இருக்கிறாள். புருஷன் வெளிநாட்டில் இருந்தால் மருமகள் எந்த வீட்டில் இருக்கணும்? நான் கேட்க மாட்டேன். எனக்குப் பெருந்தன்மை உண்டு.

கொல்லைக்குப் போவதுபோல் போய் அவர் மரத்தைப் பார்த்தேன். குடையைக் கீழே வைப்பதுபோல் வைத்தேன். கைப்பிடி வரை வந்திருக்கிறது. கரும்பச்சை. இலையோரம் முள் முள்ளாக, பட்டாளத்துக்காரன் மாதிரி நிற்கிறது. ஒரே நாளில் வந்த இரண்டு கொட்டை, ஒரே சட்டைப்பை. இங்கே இப்படி, அங்கே அப்படியா?

அடியில் பார்த்தேன். மண்மேல் வெள்ளையாக ஏதோ தூவியிருந்தது. தொடப்போனேன், “டீ ஆறுது சம்பந்தி” என்று அவர் வந்துவிட்டார். என்ன அது என்று கேட்க வாய் வரவில்லை. அவரிடம் நான் கேட்பதா?

டீ குடிக்கும்போது ரியாஸ் போன். சாபிர் காதில் வைத்திருந்த செல்லில் சத்தம் வெளியே கேட்கும். “அத்தா, தஹ்மீனாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?” என்றான்.

அத்தா என்கிறான். இருபத்தைந்து வருஷம் என்னை மாமு என்றுதான் கூப்பிட்டான். மாமுவை மாமு என்றுதானே கூப்பிடணும், தப்பில்லை. அப்படியென்றால் மாமனாரையும் மாமா என்றுதானே கூப்பிடணும்?

பஸ்ஸில் வரும்போது குடையைத் திரும்பத் திரும்ப விரலால் அளந்தேன்.

22 ஏப்ரல்

ரியாஸ் பேசினான். அடுத்த வருஷம் ஒரேயடியாக வந்துவிடுகிறானாம். வீடு கட்டணுமாம். என் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனை அவன் அத்தா விட்டுப்போனது. வருஷா வருஷம் அதில் முளைக்கிற சீமைக்கருவேலத்தை நானே வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறேன். யாருக்காக? “இங்கனதானேப்பா கட்டப்போறே” என்றேன். சிரித்தான். “மரம் எங்கன நல்லா வருதோ அங்கனயே கட்டிருவோம் மாமு.”

விளையாட்டுக்குச் சொன்னான். பல்கீஸும் விளையாட்டு என்றுதான் சொல்கிறாள்.

எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை.

23 ஏப்ரல்

தண்ணீர் ஆறு குடம் ஆக்கிவிட்டேன்.

13 மே

டீக்கடையில் நம் மரம்தான் பேச்சு. ஸ்பெயின் ராஜா வீட்டுத் தோட்டத்தில் பொறுக்கிய கொட்டை என்று சொல்லியிருந்தேன். ஆயிரம் வருஷம் நிற்கும், துப்பாக்கிக் குண்டு துளைக்காது, கப்பலில் இதற்குத் தனி டிக்கெட் என்றும் சொன்னேன். ஊர்க்காவலன், மண்டியில் என்னோடு தரகு பார்க்கிறவன், “பாய், ராஜா அந்தக் கொட்டைய என்ன செய்வாரு?” என்று கேட்டான். “வெள்ளித்தட்டில் வைத்துச் சாப்பிடுவார்” என்றேன். அது வாயில் தானாக வந்தது.

சரிபார்த்து வைப்போம் என்று ரியாஸிடம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். அங்கே அந்தக் கொட்டையைப் பன்றிக்குப் போடுவார்களாம்.

முதலில் திக்கென்றது. அப்புறம் ஒரு சந்தோஷம். சாபிர் ஐந்து வேளைத் தொழுகையாளி. அவர் கொல்லையில் நிற்கிறது பன்றித் தீனி மரம் என்று அவர் ஜமாத்தில் ஒருவர் காதில் போட்டால் போதும். சட்டையைக்கூட மாட்டிவிட்டேன். செருப்பைத் தேடும்போதுதான், என் வீட்டில் நிற்பதும் அதே மரம் என்று நினைவு வந்தது.

சட்டையைக் கழற்றிவிட்டேன்.

1 ஜூலை

பிடித்துவிட்டேன். ராத்திரியெல்லாம் யோசித்ததற்குப் பலன்.

எங்கள் தெருவில் குடியிருக்கிற சங்கிலிமுத்து நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவன். மருந்து கலக்கிற ரூமில் வேலை. இன்று அவன் சட்டை மடிப்பில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. “என்னலே அது” என்றேன். வெடியுப்பு என்றான். சாபிர் மரத்தடியிலும் அதே வெள்ளை. சிவகாசியில் ஒரு மனுசன் கைக்கு வெள்ளையாக வேறு என்ன கிடைக்கும்? லேபிள் கொடுக்கப் போகிற கம்பெனியில் வாங்கிப் போட்டிருக்கிறார். வெடியுப்பு உரம்தான், பேப்பரிலேயே படித்திருக்கிறேன். நான் எட்டாவதுதான் என்றாலும் அந்தக் காலத்து எட்டாவது.

சங்கிலிமுத்துவிடம் மரத்துக்குப் போடலாமா என்று கேட்டேன். “மத்தாப்புக்கு ஆகுறது மரத்துக்கு ஆகாதா பாய்? போட்டு விடுங்க. தீபாவளிக்குப் பூவாணமாப் பூக்கும்” என்றான். கம்பெனியிலிருந்து ஒரு சிட்டிகை வெளியே வராதாம், கேட்டில் தடவித்தான் விடுவார்களாம். அதனால் சிவகாசியில் கெமிக்கல் கடைக்கே போய் வாங்கி வந்தேன். சாபிர் ஒரு கை போட்டிருந்தால் நான் நாலு கை போடுவேன்.

5 ஜூலை

போட்டாச்சு. மேலே ஆறு குடம் தண்ணீர். மீதியைப் பொட்டலமாகக் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். சாபிர், இனிமேல் பாரும்.

16 ஜூலை

இலையோரம் கொஞ்சம் பழுப்பு. புதுத் துளிர் விடப்போகிறது என்று அர்த்தம். இன்னும் ஒரு கை போட்டேன்.

2 ஆகஸ்ட்

பழுப்பு நடு இலைக்கு வந்துவிட்டது. பல்கீஸ் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்க, அதைக் கொஞ்சம் சும்மா விடுங்களேன்” என்றாள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்றேன். சாயங்காலம் சாப்பாடு வைக்கும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

20 செப்டம்பர்

நோன்பு. இன்று கடைசி இலையும் விழுந்தது. கூட்டிப் பார்த்தேன், ஒரு முறத்துக்குக் காணாது.

ஊர்க்காவலன் மண்டியிலிருந்து கூடவே வந்து பார்த்துவிட்டான். “இலையே உதிராத மரம்னு சொன்னீகளே பாய்?” என்றான். ஸ்பெயினில் இப்போது இலையுதிர் காலம், மரத்துக்குப் பிறந்த ஊர் ஞாபகம் வந்திருக்கிறது என்றேன். தலையாட்டிக்கொண்டு போனான். நம்பிவிட்டான்.

நம்பியிருப்பானா?

குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை. இதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

14 அக்டோபர், பெருநாள்

சாபிர் குடும்பத்தோடு பிரியாணிக்கு வந்தார். வருகிறார் என்று தெரிந்ததும் மரத்தின்மேல் வத்தல் சாக்கைக் கவிழ்த்துக் கட்டிவிட்டேன். கைகழுவக் கொல்லைக்கு வந்தவர் சாக்கைப் பார்த்தார். “வெயில் ஆகாதாம், வெளிநாட்டு முறை” என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்காமல் இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

சாப்பிட்டு முடித்துச் சொன்னார்: அவரும் சம்சாரமும் இந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள். ஹாஃபிஸாவும் பிள்ளையும் திரும்பி வரும் வரை எங்கள் வீட்டில் இருக்கட்டும். பிறகு ஜிப்பாவுக்குள் கையை விட்டு அவர் வீட்டு கேட் சாவியை எடுத்து வைத்தார். “மரத்தை நீங்கதான் பாத்துக்கிடணும் சம்பந்தி. வேற ஆருக்கும் அம்புட்டு ஆசை கெடையாது.”

ஹஜ்ஜிலும் நமக்கு முந்திக்கொண்டார். சாவியை வாங்கிக்கொண்டேன்.

22 நவம்பர்

விருதுநகர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டோம். மாலை, ஸலாம், துஆ. நானும் கட்டிப்பிடித்தேன். எல்லோரும் அழுதார்கள். நான் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

24 நவம்பர்

வீட்டில் பிள்ளைச் சத்தம். தஹ்மீனா சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தாத்தா, கம்பு தூங்குதா?” என்றாள். ஆமாம்மா என்றேன்.

ரியாஸ் பிப்ரவரியில் வருகிறான். இந்தக் கொல்லையில் கம்பு. அந்தக் கொல்லையில் மரம். அங்கேயும் கம்பு என்றால் கணக்கு நேராகிவிடும். அதற்குப்பிறகு மரத்தை வைத்து எவனும் வீடு கட்ட மாட்டான்.

பரணில் அந்த உப்புப் பொட்டலம் இன்னும் மீதி இருக்கிறது.

30 நவம்பர், வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

ஜும்ஆ முடிந்ததும் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு சிவகாசி பஸ் ஏறினேன். கேட்டைத் திறந்து உள்ளே போனேன். தெருவில் யாரும் இல்லை. மரத்துக்கு முன்னால் குத்தவைத்துப் பொட்டலத்தைப் பிரித்தேன். மண்மேல் அந்த வெள்ளை இன்னும் இருந்தது. போடுவதற்கு முன்னால், எதற்கோ, அதை ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தேன். வெடியுப்பு என்றால் நாக்கில் ஜில்லென்று கரிக்கும். இது கரிக்கவில்லை. சின்னப்பிள்ளையில் சுவரைச் சுரண்டித் தின்போமே, அந்த ருசி. கையில் அள்ளிப் பார்த்தால் பொடிக்கல். ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல்லை உடைத்துப் பரப்பியிருக்கிறார் மனுசன். அம்புட்டுத்தான். ரியாஸ் எனக்கும் சொன்னதுதான். மார்ச் மாதமே போனில் சொன்னானே, சுண்ணாம்புப் பாறையில் வளருது என்று.

அவரிடம் இரகசியமே கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. உப்பைக் கையில் அள்ளிவிட்டேன். உண்மை.

மரத்தில் ஒரு புதுத் துளிர். பழைய இலை முள். இது மட்டும் வெள்ளைப் பூனைமயிரோடு, பிறந்த பிள்ளை காது மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தேன். தங்கச்சி ரியாஸைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற அன்றைக்கு அவனுக்கு மொட்டை போட்டிருந்தார்கள். ரெண்டு நாள் முடி. என் தோளில் தூங்கினான். தாடையில் உரசிக்கொண்டே இருந்தது —

“யாரது? சாபிர் பாய் ஊர்ல இல்லியே?”

சுவருக்கு மேலே ஒரு தலை. பக்கத்து வீட்டுச் சின்னத்தாய், பட்டாசுக் கம்பெனியில் திரி வேலை பார்க்கிறவள். “கையில என்ன, உரமா?” என்றாள்.

பயத்தில் எனக்குப் பொய்தான் வரும். அதுவும் பெரிய பொய்யாக வரும். “இது உரமே கேக்காத மரம்மா” என்றேன். “நான் சொல்லித்தான் சாபிர் பாய் வெச்சிருக்காக. கொட்டையக் கொடுத்ததே நான்தான். தண்ணி ஜாஸ்தி ஊத்தப்படாது, சுண்ணாம்புக்கல்லு போடணும், எல்லாம் என் யோசனை.” சொல்லச் சொல்ல உப்பு பொட்டலத்துக்குள் திரும்பிப் போய்விட்டது. “அப்படியாய்யா? அவுக ஒரு வார்த்தை சொன்னதில்லியே” என்றாள். அவருக்குத் தற்பெருமை கிடையாது என்றேன்.

அரைச் செம்பு தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டுக் கேட்டைப் பூட்டினேன். பொட்டலத்தைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சாக்கடையில் அவிழ்த்துக் கொட்டினேன்.

7 டிசம்பர்

வெள்ளிக்கிழமை போகாவிட்டால் சின்னத்தாய் என்ன நினைப்பாள் என்று போனேன். நாலைந்து பேரைக் கூட்டி வைத்திருந்தாள். ராஜா கதையைச் சொன்னேன். பன்றியைச் சொல்லவில்லை.

28 டிசம்பர்

துளிர் இலையாகிவிட்டது. இன்னும் மூன்று துளிர். நான் ஒன்றுமே செய்யவில்லை. செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று யாருக்குத் தெரியும்? அந்த வேலையை என்னைப்போல் பார்க்க ஆள் கிடையாது.

4 ஜனவரி 2008, வெள்ளி

சாபிர் நேற்று வந்துவிட்டார். இன்று எல்லோரும் போனோம். ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். மொட்டைத் தலையில் வெயில் பட்டு முகம் நன்றாகத்தான் இருந்தது. ஹாஜியார் ஆகிவிட்டார். என்ன செய்ய.

அப்போது சின்னத்தாய் சுவருக்கு மேலே வந்தாள். “யூசுப் பாய் வெள்ளிக்கெழம தவறாம வந்து பாத்தாக பாய். யூசுப் பாய் மரம்னா இப்ப தெருவுக்கே தெரியும்.”

“யூசுப் பாய் மரமா?” என்றார் சாபிர்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பேரீச்சம்பழக் கொட்டையை வாயில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். கண் மரத்துக்குப் போய் என்னிடம் வந்து திரும்ப மரத்துக்குப் போனது. அந்தப் புழுக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். வருஷக்கணக்கில் என்னிடமே இருப்பது. இன்னொரு முகத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.

சாவியைக் கொடுக்க மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை.

17 பிப்ரவரி, ஞாயிறு

ரியாஸ் வந்துவிட்டான். நேரே இங்கேதான் வந்தான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

சாப்பிட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன். சாக்கைத் தூக்கினான். இலையுதிர் காலம் என்றேன்.

“இது இலை உதிராத மரம்லா மாமு.”

அவன் சாக்கைத் திரும்பக் கவிழ்த்து, நான் கட்டியிருந்த மாதிரியே சணலை இழுத்து முடிச்சுப் போட்டான். நான்தான் அந்த முடிச்சைச் சொல்லிக்கொடுத்தேன், வத்தல் மூட்டைக்குப் போடுகிற முடிச்சு.

சாயங்காலம் சொன்னான். அச்சாபீஸை அவன் கையில் கொடுக்கிறாராம் மாமனார். அதனால் வீடும் சிவகாசியில். மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, போன வருஷமே பேசியதாம். “இங்கன உள்ள மனை இருக்கட்டும் மாமு. நீங்க பாத்துக்கிடுங்க.”

போன வருஷமே பேசியது. நான் ஆறு குடம் ஊற்றிக்கொண்டிருந்தபோது.

18 பிப்ரவரி

கம்பைப் பிடுங்கிவிட்டேன். வேர் அழுகியிருந்தது. பல்கீஸ் அதை அடுப்பில் வைக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

9 ஜனவரி 2009, வெள்ளி

ரியாஸ் வீடு முடிந்துவிட்டது. அதே காம்பவுண்டில், மரத்துக்கு எதிரே வாசல். ஸ்பெயின் பாணியில் கட்டச்சொன்னது நான்தான் என்று பஸ்ஸில் ஒருவருக்குச் சொன்னேன். மற்றபடி சாதாரண வீடு.

இன்று போனால் கேட் புதிது. பூட்டும் புதிது. என் சாவி நுழையவே இல்லை. ரியாஸ் அச்சாபீஸில். ஹாஃபிஸா பிள்ளையோடு மதுரை போயிருக்கிறாள். வெயிலில் நின்றேன். ஒரு வருஷமாக யாரும் கேட்காத சாவி. சரிதான், இப்படித்தான் கேட்பார்கள்போல. சின்னத்தாய் எட்டிப் பார்த்தாள். “புதுப் பூட்டு எப்படி என்று சோதிக்கிறேன்” என்றேன்.

சாபிர் பள்ளிவாசலிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். ஜிப்பாவுக்குள் கையை விட்டுப் புதுச் சாவி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“பழசு இனிமே சேராது சம்பந்தி. நேத்தே கொடுத்துவிடணும்னு இருந்தேன்.”

நான் திறக்கட்டும் என்று ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திறந்தேன்.

மரம் என் மார்பு வரை வந்துவிட்டது. குடையெல்லாம் இனிப் பற்றாது. இரண்டு பேரும் எதிரே கல்லில் உட்கார்ந்தோம். “நான் வளத்த மரம்” என்றார் ஹாஜியார். “யூசுப் பாய் மரம்னுதான் தெருவில சொல்லுதாக” என்றேன். அரை மணி நேரம் சண்டை போட்டோம். டீ வந்தது.

வீட்டுக்கு வந்து அடுத்த வெள்ளிக்கிழமையும் போகணும் என்றேன். மரத்துக்கு என்ன கொண்டுபோகணும் என்று பல்கீஸ் கேட்டாள். அதுக்கு ஒண்ணும் வேண்டாம் என்றேன்.

“பின்ன எதுக்குப் போறீக?”

அதற்கு என்ன சொல்வது? புதுச் சாவியைப் பழைய கயிற்றிலேயே கோத்து வைத்திருக்கிறேன்.